வாசலில் மூன்றாவது ஜோடி

புசான்
டிசம்பர் 9, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் சோதாமுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான் சுகமாக இருக்கிறேன், கழுத்துவலி மட்டும் கிளம்ப மனமில்லாத விருந்தாளியைப் போல உட்கார்ந்திருக்கிறது. நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பாய் என்ற நினைப்போடு எழுதுகிறேன். சுன்ச்சொனில் நேற்று மைனஸ் பதினொன்று என்று செய்தியில் சொன்னார்கள். வகுப்புக்குப் போகும்போது அறையைச் சூடாக்கும் பாய்லரை முழுதாக அணைத்துவிடாதே, ‘வெளியே’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது அல்லவா, அதில் வைத்துவிட்டுப் போ, குழாயையும் உறைந்துபோகாமல் சொட்டுச் சொட்டாகத் திறந்து வை, போன குளிர்காலத்தில் நீ பட்டது போதும். சித்தி வீட்டில் இந்த வருஷம் அறுபது முட்டைக்கோஸ் கிம்ச்சி ஊறுகாய் போட்டோம். உப்பு தூக்கலாக இருக்கிறது என்றேன். “உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு, உன் நாக்குக்குத்தான் வயசாயிடுச்சுக்கா, நாப்பத்துமூணு ஆகுதுல்ல” என்கிறாள். உன் பங்கு தனிப் பார்சலில் வருகிறது, ரெண்டு நாள் ஜன்னலோரம் வைத்துப் புளித்தபின் ஃப்ரிட்ஜில் வை.

கல்லூரியை விட்டு விலகும் விண்ணப்பத்தில் கையெழுத்துக்குப் பதில் என் பெயர் முத்திரை வேண்டும் என்று நீ அனுப்பிய தாள் போன வாரம் வந்தது. இருபதாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். போனில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. “அம்மா, நான் நாலு நாள் குந்தி வரையறத அந்த ஏஐ காபி ஆறுறதுக்குள்ள வரைஞ்சு தள்ளிடுது, நல்லாவும் வரையுது, அப்புறம் நான் எதுக்கும்மா” என்றாய். படம் வரைவதை விட்டுவிட்டு அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கப் போகிறேன் என்றாய். அன்றைக்கு நான் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுப் போனை வைத்துவிட்டேன். எனக்குப் பேசத் தெரியாது, எழுதத்தான் கொஞ்சம் வரும், அது உனக்கே தெரியும். அதோடு, நீ சொன்னது பொய்யும் இல்லை. எங்கள் ஸ்டூடியோவில் வசந்தத்திலிருந்து பின்னணிப் படங்கள் எல்லாம் இயந்திரம்தான் வரைகிறது. எட்டு வருஷமாக நான் வரைந்த மலைச்சரிவு வீடுகள், படிக்கட்டுகள், மின்கம்பிகள் எல்லாவற்றையும் அது இப்போது வரைகிறது, நான் பக்கத்தில் உட்கார்ந்து பிழை பார்க்கிறேன். இதைச் சொன்னால் நீ இன்னும் சோர்ந்துபோவாய் என்று இவ்வளவு நாள் மறைத்தேன், மன்னித்துக்கொள்.

இரண்டு வாரத்துக்கு முன் ஒன்று நடந்தது. நாங்கள் போடும் சித்திரத் தொடர் உனக்குத் தெரியும், கணவன் போனபின் ஒரு அம்மாவும் மகளும் மேட்டுத் தெருவில் வாழும் கதை. அவர்கள் வீட்டு வாசலை இயந்திரம் வரைந்து கொடுத்தது, இரண்டு ஜோடி ஷூ, அழகாக, வெளிச்சம்கூடச் சரியான பக்கத்திலிருந்து. அதைப் பழைய பாகங்களோடு ஒப்பிட்ட யூரிம் (அந்தத் தைகு ஊர்ப் பெண், என் பக்கத்து நாற்காலி) திரும்பி, “அக்கா, இந்த வீட்ல ரெண்டு பேர்தானே, பழைய பாகத்துல இருக்கிற மூணாவது ஜோடி யாருது, அப்பாதான் முதல் பாகத்துலயே செத்துட்டாரே” என்றாள். எடுத்துப் பார்த்தால் அறுபத்திரண்டு பாகங்களிலும் நான் மூன்று ஜோடி வரைந்திருக்கிறேன். மூன்றாவது ஜோடி ஆண் ஷூ, பழுப்பு நிறம், பின்பக்கம் மிதித்து மடிந்தது. எனக்குத் தெரியாமலே வரைந்திருக்கிறேன் சோதாம். நம் வீட்டு வாசலில் உன் அப்பாவுடையது இருப்பதுபோல. டீம் லீடர் பேக் வாசகர்களின் கருத்துகளைத் தேடிப் பார்த்தார். ஒருவர்கூடப் பிழை என்று சொல்லவில்லை. தனியாக இருக்கும் பெண்கள் யாரோ ஆம்பளை இருப்பதுபோலக் காட்ட வாசலில் ஒரு ஷூ வைப்பது வழக்கம்தானே, அப்படி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தி, “திருடனுக்காகத்தான் வெச்சேன், இப்ப எடுக்கணும்னா எனக்கே பயமா இருக்கு” என்று எழுதியிருந்தாள். பேக், “பிரமாதம் மிரான், சொல்லாமலே செஞ்சிருக்கீங்க பாருங்க” என்றார். நானும் வேண்டுமென்றே செய்ததுபோலத் தலையாட்டிவிட்டேன். காது மட்டும் சூடாக இருந்தது. யூரிம் உடனே, “இதுக்கென்ன, மூணாவது ஜோடி, பழசு, குதிகால் மடிஞ்சதுன்னு டைப் அடிச்சா முடிஞ்சுதுக்கா” என்று அடித்தாள். பதினோரு வினாடியில் படம் வந்துவிட்டது. நான் வரைந்த ஷூவைவிட அதன் தோல் நிஜத் தோல்போலவே இருந்தது. யூரிம் நல்ல பெண், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்தில் தன் தட்டிலிருந்த முட்டையை எனக்கு வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் உன் அப்பாவின் ஷூவை எடுத்து, சாப்பாட்டு மேஜையில் பேப்பர் விரித்து வைத்தேன். அவர் போன இந்த மூன்று வருஷத்தில் அதைத் துடைத்திருக்கிறேன், தூக்கிப் பார்த்ததில்லை. அந்த இயந்திரத்தோடு போட்டி போடத்தான் உட்கார்ந்தேன், உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும். முதலில் இடது கால். அடிப்பாகத்தில் வெளி ஓரம் தேய்ந்திருந்தது, அவர் நடை அப்படி. அப்புறம் மடிந்த பின்பக்கம். அதை நான்கு தடவை அழித்தேன், வரவே இல்லை. அவர் குதிகாலை நினைத்து வரைந்தால் கோடு அகலமாகிப் போகிறது, ஷூவில் இருக்கும் பள்ளமோ குறுகலாக இருக்கிறது. விரலை வைத்துப் பார்த்தேன், என் மூன்று விரல் அகலம். உன் அப்பாவின் குதிகால் என் உள்ளங்கை அளவு. வலது ஷூவிலும் வைத்துப் பார்த்தேன், அதே மூன்று விரல். பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

நீ ஆறாம் வகுப்பிலிருந்து குப்பை கொட்டவும் கீழ்க்கடைக்கு ஓடவும் எந்த ஷூவில் காலை நுழைத்துக்கொண்டு போனாய் என்று நினைத்துப் பார். நானோ அவரைத் திட்டினேன். “பஸ் ஓட்டறவரு இப்படிக் குதிகால மிதிச்சுப் போட்டா பெடல்ல கால் நிக்குமா, எத்தனை பேர் உயிரு” என்று எத்தனை வருஷம் திட்டினேன். தினமும் காலையில் அவர் படியில் உட்கார்ந்து ஸ்பூன் காம்பால் அந்தப் பின்பக்கத்தை நிமிர்த்தி, கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டுதான் போவார். நேரமாகிறது என்று அதற்கும் திட்டினேன். “சரி சரி, நாளையிலேர்ந்து மிதிக்கல” என்பார். ஒரு நாள்கூட உன் பெயரைச் சொல்லவில்லை. நானும் இத்தனை நாள் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் அந்தக் கோடு வராமல் திணறியதால்தான் எனக்குத் தெரிந்தது. பதினோரு வினாடியில் வந்த படத்தில் குதிகால் மடிந்துதான் இருந்தது, யார் மடித்தது என்று அதற்குக் கேட்கத் தோன்றவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் தோன்றவில்லை. நாளைக்கு அது இன்னும் நன்றாக வரையும், எனக்குச் சந்தேகமில்லை. அலுவலகத்தில் நானும் பொத்தானை அழுத்துவேன், அதில்தான் சம்பளம். படம் உனக்குச் சோறு போடும் என்று பொய் சொல்லவும் மாட்டேன். ஆனால் “அப்புறம் நான் எதுக்கு” என்று கேட்டாயே, அதற்கு என்னிடம் இருக்கும் பதில் இந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். பென்சிலை மறுபடி எடுத்து முடித்த என் படம் சுமாராகத்தான் வந்திருக்கிறது. அதை வரைந்தபோது நான் அழுதேன், பிறகு நன்றாகச் சிரித்தேன், பிறகு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

உன் விண்ணப்பத்தில் முத்திரை குத்தி இதோடு வைத்திருக்கிறேன். கோணலாக விழுந்திருக்கிறது, செல்லும். உன் வாழ்க்கை, உன் முடிவு, தேர்வுக்குப் படித்தாலும் அம்மாவுக்குச் சந்தோஷம்தான். அதற்கு அடியில் இன்னொரு தாள் இருக்கிறது. அதில் இடது ஷூ மட்டும் வரைந்திருக்கிறேன். வலதுக்கு இடம் விட்டிருக்கிறேன், அதை மிதித்த கால் உன்னுடையது, உனக்குத்தான் தெரியும். முதலில் அதை வரை. யாருக்கும் காட்ட வேண்டாம், எனக்கும் அனுப்ப வேண்டாம். வரைந்து முடித்தபின் எந்தத் தாளை எங்கே கொடுப்பது என்று நீயே முடிவு செய்துகொள்.

உடம்பு நன்றாக இருக்கட்டும், மனசு லேசாக இருக்கட்டும், போகிற வழியில் நல்ல மனிதர்கள் எதிர்ப்படட்டும். பாய்லரை மறக்காதே. ஷூவைத் திரும்ப வாசலில் வைத்துவிட்டேன், பின்பக்கத்தை நிமிர்த்தவில்லை. புத்தாண்டுக்கு வரும்போது கீழ்க்கடைக்கு அதையே போட்டுக்கொண்டு போ, நான் திட்ட மாட்டேன்.

உன் அம்மா,
ஓக் மிரான்