யோசிக்காமல் சொன்ன ஓம்

வியாழக்கிழமை

மகளின் நேர்முகத் தேர்வில் நானும் தோன்றிவிட்டேன், மேல்சட்டை இல்லாமல், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு.

கொழும்புக் கம்பனி ஒன்று மடிக்கணினியில் அவளைக் கேள்வி கேட்டது. வீட்டில் சத்தம் வராமல் பார்ப்பது என் பொறுப்பு. தண்ணீர் மோட்டரை நிறுத்தினேன். மீன்காரத் தம்பியை எங்கள் தெருவின் ஒழுங்கை முகப்பிலேயே மறித்து, "இண்டைக்கு ஹோர்ன் அடியாதை" என்று கெஞ்சினேன். வாங்கிய விளைமீன் பையோடு பின்வாசலால் வந்து, நேரே அவளுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"பின்னாலை நிக்கிறது ஆர்?" திரையில் இருந்த பெண்மணி சிரித்தார்.

"என்ரை அப்பா, மிஸ்."

கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். "வீட்டை விட்டிட்டு இஞ்சை வந்து இருப்பீங்களோ?" என்பது அடுத்த கேள்வி.

"ஓம்" என்றாள், கண் வெட்டாமல்.

மூன்று நாளாக முதலாளி மாதிரிக் கதிரையில் இருந்து, "உந்தக் கேள்விக்கு இழுக்காதை, டக்கெண்டு ஓம் எண்டு சொல்லு" என்று பழக்கியது நான்தான்.

சாப்பிடும்போது, "எப்பிடியப்பா கதைச்சனான்?" என்று கேட்டாள்.

"வேலை உனக்குத்தான் பிள்ளை. மீன் பையைப் பாத்தே தந்திடுவினம்."

விழுந்து விழுந்து சிரித்தாள். இருபத்து மூன்று வயதாகியும் அவளுக்கு நான்தான் மீன் முள் எடுத்துக் கொடுக்கிறேன். இன்றைக்கும் எடுத்துக் கொடுத்தேன்.

அந்த ஓமைக் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம் பிள்ளை என்று மட்டும் நான் சொல்லவில்லை.