கெட்டி மெத்தையும் ஒருக்களித்துப் படுப்பவளும்

மார்ச் 3, செவ்வாய்

புது மெத்தை வந்துவிட்டது. இரண்டு ஆட்கள் மூச்சு வாங்கப் படியேறித் தூக்கி வந்து போட்டுவிட்டு, பழையதை உருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். பழையதன் மேல் எனக்குப் பாசம் ஒன்றும் இல்லை. நடுவில் பள்ளம் விழுந்து, யார் எந்த ஓரத்தில் படுத்தாலும் விடியும்போது இரண்டு பேரும் நடுவில் கிடப்போம். அதில் படுத்துப் படுத்துத்தான் இவருக்கு முதுகு போயிற்று. நாள் முழுக்க டெலிவரி வேன் ஓட்டுகிற முதுகு. டாக்டர் "கெட்டியா வாங்குங்க" என்றார். வாங்கினோம். உள்ளே முழுக்க ஸ்பிரிங். தட்டினால் மேஜையைத் தட்டின மாதிரி இருக்கிறது.

இவர் மல்லாந்து படுத்து, இரண்டு கையையும் மார்மேல் வைத்து "ஆஹா" என்றார். ஆஹா முடிவதற்குள் குறட்டை ஆரம்பித்துவிட்டது.

மார்ச் 4, புதன்

எழுந்தபோது வலது தோள் என்னுடையதாகவே இல்லை. இடுப்பெலும்பு விண் விண்ணென்று தெறிக்கிறது. கை மரத்துப்போய், பிரஷ்ஷில் பேஸ்ட் வைக்க இடது கை வரவேண்டியிருந்தது. சொன்னேன். இவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "புதுசுல்ல, பழகிடும்" என்றார்.

செருப்பா இது, கடித்துக் கடித்துப் பழகுவதற்கு?

மார்ச் 6, வெள்ளி

பழகவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

அண்ணன் வந்திருந்தார். எங்கள் வீட்டில் எதை வாங்கினாலும் அவர் வந்து பார்த்துத் தலையை ஆட்டினால்தான் அது பொருள். நேரே படுக்கையறைக்குப் போனார், மல்லாந்தார், கால்மேல் கால் போட்டு ஆட்டினார். "சும்மா சொல்லக்கூடாது, முதுகை அப்படியே தாங்குதும்மா."

என் தோளைச் சொன்னேன்.

"நீ எப்படிப் படுக்குறே?"

"ஒருக்களிச்சு."

"அதான் தப்பு. நேரா படுத்துப் பழகு."

தப்பாமே! நாற்பத்து நான்கு வயதுவரை நான் தூங்கினதெல்லாம் தப்பாம், செவ்வாய்க்கிழமை வந்த மெத்தை சரியாம். காபியில் சர்க்கரை குறைவாகப் போட்டுக் கொடுத்தேன். வேறென்ன செய்ய முடியும் என்னால்?

அவர் போனதும் நானே கதவைச் சாத்திக்கொண்டு சோதித்துப் பார்த்தேன். யாரும் என்னைப் பிடிவாதக்காரி என்று சொல்லிவிடக்கூடாது. முதலில் மல்லாந்து. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது. இடுப்புக்கு அடியில் கை நுழைகிற அளவு சந்து, மற்றபடி முதுகை நேராகப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் மல்லாந்தால் எனக்குத் தூக்கம் வராது. மின்விசிறியில் இருக்கிற தூசிதான் கண்ணில் படும், எழுந்து துடைக்கத் தோன்றும். அடுத்து குப்புற. வயிறு உள்ளே அமுங்கவில்லை, அதுவும் சரி, கழுத்துதான் திருகிக்கொள்கிறது. மகள் வந்து பக்கத்தில் குப்புற விழுந்து, போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "எனக்கு சூப்பரா இருக்கும்மா" என்றாள். அவளுக்குப் பதினேழு வயது. பாறையில் போட்டாலும் சூப்பர்தான்.

கடைசியில் ஒருக்களித்து. உடம்பின் பாரம் முழுவதும் தோள்முனையிலும் இடுப்பெலும்பிலும் வந்து நிற்கிறது. தோள் கொஞ்சம் உள்ளே இறங்க வேண்டாமா? ஓர் இம்மி இடம் கொடுக்கவில்லை. நான் மெத்தையைத் தாங்குகிறேனா, மெத்தை என்னைத் தாங்குகிறதா என்றே தெரியவில்லை.

"இடது பக்கம் திரும்பிப் படேன்" என்கிறாள் மகள். இடது பக்கம் உங்கப்பா இருக்கிறாரே. அந்தக் குறட்டையை முகத்தில் வாங்கிக்கொண்டு யார் தூங்குவது? அதற்கு முதுகைக் காட்டித்தான் கல்யாணமான நாளிலிருந்து வலது பக்கம் படுக்கிறேன். இடத்தை மாற்றிக்கொள்வோமா என்று இவரிடம் கேட்டேன். அவர் பக்கத்தில்தான் சார்ஜர் மாட்டுகிற பிளக் இருக்கிறதாம். என் கை செத்தாலும் பரவாயில்லை, அவர் போனுக்கு உயிர் இருக்க வேண்டும்.

மார்ச் 11, புதன்

நான் என்ன வேலை செய்கிறேன் என்று சொன்னால் ஜனங்கள் சிரிப்பார்கள். பல் செதுக்குகிறேன். டாக்டர்கள் நோயாளியின் வாயை அச்செடுத்து எங்கள் லேபுக்கு அனுப்புவார்கள். அந்த அச்சில் மெழுகை உருக்கி வைத்து, சின்னக் கத்தியால் பல்லாகச் செதுக்க வேண்டும். அந்த வடிவத்தில்தான் பிறகு பல்லின் மேல் மாட்டுகிற நிஜக் கேப் வரும். முன்பல் என்றால் என் மேஜைக்குத்தான். முன்பல்லில் ஒரு மயிரிழை தப்பினால் சிரிக்கிறவர் முகமே வேறாகிவிடும்.

இன்று நான் உட்கார்ந்த பிறகும் விரல்கள் விழிக்கவில்லை. கத்தி வழுக்கி ஓரம் போயிற்று. மறுபடி மெழுகு வைத்தேன். மறுபடி போயிற்று. முதலாளி அம்மா பின்னால் நின்றிருந்தது தெரியவில்லை.

"கையில என்ன?"

மெத்தை என்றா சொல்வது? "ஒண்ணுமில்லை மேடம்."

"கொஞ்ச நாள் கடைவாய்ப்பல் பாருங்க. முன்பல்லை அந்தப் புதுப் பொண்ணு பண்ணட்டும்."

கடைவாய்ப்பல்! வாயைப் பிளந்து கொட்டாவி விட்டால்தான் ஊருக்குத் தெரிகிற பல். அந்தப் பெண் கெட்டவளில்லை, என்னைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டே அச்சுகளை அள்ளிக்கொண்டு போனாள். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள்? போன வேலை திரும்பி வந்து நான் பார்த்ததே இல்லை. கழிவறைக்குப் போய் முகம் கழுவினேன். அழவில்லை.

அழுதேன்.

மார்ச் 13, வெள்ளி

கடைக்கு போன் செய்தேன். விற்கும்போது "பிடிக்கலைன்னா ஒரு மாசத்துக்குள்ள மாத்திக்கலாம் மேடம்" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்த அதே பையன்தான் எடுத்தான். அவனுக்குப் புன்னகை என்றே பேர் வைத்திருக்கிறேன். இன்று குரலில் ஒரு பல்கூட இல்லை. "குறை இருந்தாதான் மேடம் மாத்துவோம். ஆளை அனுப்புறோம்."

சாயங்காலம் ஆள் வந்தார். மெத்தைக்குக் குறுக்கே நூலைக் கட்டி, நூலுக்கும் மெத்தைக்கும் நடுவே ஸ்கேலை நிறுத்தி, குனிந்து பார்த்தார். நான்கு மூலையிலும் பார்த்தார்.

"எங்கேயும் இறங்கலைங்க. மெத்தையில ஒரு குறையும் இல்லை."

"அப்போ குறை எனக்கா?"

"நான் மெத்தையை மட்டும்தாங்க பார்ப்பேன்."

அவர் மேல் தப்பில்லை. போகும்போது, தலையணையை உயரமாக்கி, இன்னொன்றை முட்டிகளுக்கு நடுவில் வைக்கச் சொன்னார். வைத்தேன். முட்டிக்கு வெகு சுகம். தோளுக்கு?

மார்ச் 15, ஞாயிறு

இன்று பெரிய சண்டை. வேறு மெத்தை வேணும்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

"எனக்கு இப்பதான் முதுகுவலி விட்டிருக்கு. அதையும் கெடுக்கணுமா?"

"உங்க முதுகு நல்லா இருக்கட்டும். என் கை?"

"கடையில நல்லாருக்குன்னு நீதானே சொன்னே?"

ஆமா, சொன்னேன். ஓரமா உட்கார்ந்து, கையால அமுக்கிப் பார்த்துட்டு சொன்னேன். உட்கார்ந்து பார்க்க அது என்ன நாற்காலியா? ஆனா நாலு ஆம்பளைங்க நிக்குற கடையில புடவையோட போய் ஒருக்களிச்சு, முட்டியை மடக்கிப் படுக்க முடியுமா? இவர் படுத்தார். ஷூவோட, மல்லாந்து, ரெண்டு நிமிஷம். அந்த ரெண்டு நிமிஷத்தை வச்சு வீட்டுல எல்லாருக்கும் மெத்தை வாங்கியாச்சு!

அப்போதுதான் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது. "சரி, நான் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பேன், சொல்லுங்க பார்ப்போம்?"

இவர் விழித்தார். யோசித்தார். "நேராதானே படுப்பே?"

பத்தொன்பது வருஷம். ஒரே கட்டில்.

நான் பாத்திரம் கழுவி, அடுப்பைத் துடைத்துவிட்டு வருவதற்குள் இவர் தூங்கியிருப்பார். நான் கண் விழிக்கும்போது குளித்து, வேனுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். அதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தாலும் நெஞ்சு ஆறவில்லை. தோள்வலிகூட அந்த நிமிஷம் மறந்துபோயிற்று.

மார்ச் 18, புதன்

மூன்று நாளாக இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். கண் சிவந்து, கொட்டாவி விட்டுக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில். கோபப்பட வேண்டியவள் நான். இவருக்கு எதற்கு இந்த வீம்பு?

லேபில் இன்று ஏழாவது கடைவாய்ப்பல்.

மார்ச் 21, சனி

இன்று நடந்ததை நடந்தபடியே எழுதி வைக்கிறேன்.

லேப் அரை நாள்தான். வீட்டுக்கு வராமல் நேரே மெத்தைக் கடைக்குப் போனேன். மேனேஜரைப் பார்த்தேன். குறை இருந்தால்தான் மாற்றுவோம் என்று அதே பாட்டு. "மேடம், நீங்க பார்த்துதானே வாங்கினீங்க?"

"இல்லை. இப்பதான் பார்க்கப்போறேன்."

செருப்பைக் கழற்றினேன். எங்கள் வீட்டு மெத்தையின் அண்ணன் தம்பி ஒன்று நடுக்கடையில் கிடந்தது. கைப்பையைக் கட்டிக்கொண்டு, வலது பக்கம் ஒருக்களித்து, முட்டியை மடக்கிப் படுத்துவிட்டேன். உடம்பெல்லாம் கூசியது. புன்னகை ஓடி வந்தான். "மேடம், உட்கார்ந்து பாருங்களேன்..."

"நான் உட்கார்ந்து தூங்குற ஆள் இல்லை தம்பி. வீட்டுல எப்படிப் படுப்பேனோ அப்படித்தான் படுத்திருக்கேன். என் தோளைப் பாரு. எங்கேயாவது இறங்கியிருக்கா? கொண்டா உன் நூலையும் ஸ்கேலையும்!"

சத்தமாகத்தான் சொன்னேன். பக்கத்தில் ஒரு கணவனும் மனைவியும் மெத்தை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணவன் மல்லாந்து படுத்திருந்தார். அந்த அம்மா ஓரத்தில் உட்கார்ந்து கையால் அமுக்கிக்கொண்டிருந்தாள். என்னையே பார்த்தாள். பிறகு மெதுவாகச் செருப்பைக் கழற்றி, கணவனிடம் "கொஞ்சம் எந்திரிங்க" என்று சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் "ஐயோ, தோளு!" என்றாள். மேனேஜர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஒவ்வொன்றாகப் படுத்துப் பார்த்தேன். ஒன்று மெத்துமெத்தென்று அப்படியே விழுங்கியது, அது வேண்டாம். அதற்கடுத்தது ஸ்பிரிங்தான், ஆனால் மேலே தடிமனாக மெத்தென்று ஒரு அடுக்கு. தோள் இறங்கியது. இடுப்பு இறங்கியது. அங்கேயே நின்றது. இதுதான், இதுதான் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஞாபகம் இல்லை. தூங்கிவிட்டேன்! நடுக்கடையில், பட்டப்பகலில், இரண்டு வாரத் தூக்கத்தையும் சேர்த்து. எழுப்பப் பயந்துகொண்டு, பில்லில் இருந்த நம்பருக்குப் புன்னகை போன் போட்டிருக்கிறான். "சார், உங்க வீட்டம்மா இங்க தூங்கிட்டாங்க."

விழிப்பு வந்தபோது தலைமாட்டில் இவர் குரல். மானம் போகிறதே என்று கண்ணைத் திறக்கவில்லை.

"எப்பவும் இப்படித்தான் சார் படுப்பாங்களா?" என்றான் புன்னகை.

"ஆமா. வலது பக்கம்தான். முட்டியை மடக்கிக்குவா. தூங்கினதும் அந்த விரலைப் பாருங்க, கத்தி பிடிச்ச மாதிரி சேர்த்து வச்சிருப்பா. அப்பப்ப அசைக்கவும் செய்வா. தூக்கத்துலயும் பல்லு செதுக்குறா." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு வாரமா முழிச்சிருந்து பார்த்தேன்" என்றார்.

கண் சிவந்தது இதற்குத்தானா? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன, இந்த மனிதருக்கு? நான் என்னவெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன் அவரைப் பற்றி!

விரலைப் பற்றி எனக்கே தெரியாது.

நான் எழுந்து உட்கார்ந்ததும் இவர்தான் கேட்டார்: "ஒரே கட்டில்ல எனக்கு அது, அவளுக்கு இதுன்னு ரெண்டா போட முடியாதா?" போடலாமாம். தம்பதிகள் பிரிந்து படுக்கிற மாதிரி ஆகிவிடும் என்று யாரும் கேட்பதில்லையாம். மேனேஜர் என்னைப் பார்த்தார், வேறொரு மெத்தையில் ஒருக்களித்துப் படுத்து இன்னும் எழுந்திருக்காத அந்த அம்மாவைப் பார்த்தார், மாற்றித் தருகிறேன் என்றார்.

மார்ச் 24, செவ்வாய்

வந்தது. கட்டிலில் இரண்டு பாதி, மேலே ஒரே விரிப்பு. நடுவில் ஒரு இடுக்கு. அண்ணன் போனில், "இதென்ன கூத்து?" என்றார்.

மார்ச் 29, ஞாயிறு

முந்தாநாள் முதலாளி அம்மா ஒரு முன்பல் அச்சைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். "இது அவளுக்கு வரலை." கத்தி ஒரு தடவைகூட வழுக்கவில்லை. முடித்ததும் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, ஓரத்தை எப்படி எடுப்பது என்று காட்டினேன்.

இன்று விடிந்தபோது வீடு விசித்திரமாக அமைதியாக இருந்தது. குறட்டை இல்லை. பதறித் திரும்பிப் பார்த்தேன். மல்லாந்து படுப்பதற்கென்றே பிறந்த மனிதர், தன் கெட்டிப் பாதியை அப்படியே காலியாக விட்டுவிட்டு, இடுக்கைத் தாண்டி என் பாதிக்கு வந்து, ஒருக்களித்து, முட்டியை மடக்கிக்கொண்டு சத்தமில்லாமல் தூங்குகிறார். நான் கட்டிலின் விளிம்பில், விழாத குறையாக.

இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். "தப்பா படுத்திருக்கார், வந்து என்னன்னு கேளுங்க." பிறகு எழுந்து அந்தப் பக்கம் போய், பிளக்கிலிருந்து அவர் போனைக் கழற்றிவிட்டு என் போனை மாட்டினேன். திரும்பி வந்து, மிச்சமிருந்த இடத்தில் படுத்துக்கொண்டேன்.