முறுக்கு டின் லோரி

இந்திரா,

லோரி முடிந்துவிட்டது! பெயின்ட் காய்ந்து, ஆறு சக்கரமும் ஜோராக உருளுகிறது. பசாரிலிருந்து வந்ததும் மேசை மேல் பார். உன் அம்மா கொடுத்த முறுக்கு டின்னை நான் இதற்காக வெட்டியதிலிருந்து மூன்று நாளாக நீ பேசவில்லை. அந்தச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்வோம்.

சோறு ஆக்கிவிட்டேன். ரசம் தாளிக்கக் கடுகு தேடாதே. எல்லாம் லோரியில் செம்பனைப் பழக் குலையாக ஏறிவிட்டது. களிமண் உருண்டையில் ஒவ்வொரு கடுகாக ஒட்டிச் சிவப்பு தீட்டினேன். அசல் குலை தோற்றது!

நான்கு மணிக்குக் கலைக் கழகத் தலைவர் ஹரிதாஸ் கண்காட்சிக்காக லோரியைப் பார்க்க வருவார். டத்தோ பட்டம் இன்னும் வரவில்லை, அதற்கான நடை மட்டும் வந்துவிட்டது. "லோரி நெத்தியில என் பேர எழுதிடுங்க லா, கண்காட்சிக்கே ஒரு கௌரவம்" என்றார். அந்த இடத்தில் உன் பெயரை எழுதிவிட்டேன். அவருக்குத் தேநீர் கொடு, லோரியைக் கொடுக்காதே.

புது வண்டி என்றால் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்க வேண்டுமே! இந்த லோரி அளவுக்குக் குட்டி லீமாவ் கஸ்தூரிக் காய் ஆறு பறித்து வைத்திருக்கிறேன். தலைவர், "நான் தள்ளுறேன்" என்று கை நீட்டுவார். விடாதே. குருபோங் பக்கம் வேலை முடிந்து ஐந்தரைக்கு வருகிறேன். முதலில் தள்ளப்போவது நீதான். பேசாமலேகூடத் தள்ளலாம்.

காளிமுத்து

பி.கு.: டிரைவர் பக்கக் கதவைத் திறந்து பார். உள்ளே உன் டின்னின் ரோஜாப்பூப் படம் அப்படியே இருக்கிறது. அதன் மேல் பெயின்ட் அடிக்க மனசு வரவில்லை.