ராகு காலத்துக்கு முன் ஓர் இணைப்பு

10-11-1998, செவ்வாய்.

இதை எழுதும்போதும் பல்லைக் கடிக்கிறேன். ஆஸ்பத்திரிக்கு ரத்தப் பரிசோதனை முடிவுகளை அச்சிடும் புரோகிராமில் என் மாற்றங்கள் பாதிதான் முடிந்திருக்கின்றன. ஆஸ்பத்திரிக்குப் போகும் மெயின் பிரதி கெடக்கூடாதென்று, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் சி.வி.எஸ்ஸில் அவற்றைத் தனிக் கிளையில், அதாவது தனிப் பிரதியாக, வைத்திருந்தேன். எங்கள் கம்பெனி முதலாளி பஞ்சாங்கத்தைப் புரட்டினார்.

"மூணு மணிக்கு ராகு காலம் வே. அதுக்குள்ள கிளைய மெயினோட சேத்துரும்."

"அண்ணாச்சி, ஒருத்தர் ரத்தம் இன்னொருத்தர் பேர்ல வருது."

"நல்ல நேரத்துல சேத்தா எல்லாம் சரியாயிரும்."

நான் மறுத்தேன். அவரே உட்கார்ந்து, சேர்க்கும் கட்டளையைக் கம்ப்யூட்டரில் அடித்தார். புரோகிராமைப் பிளாப்பியில் ஏற்றி, அதற்குக் கற்பூரம் காட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியும் விட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, நாளை முடிவுகளைக் கையால் எழுதச் சொன்னேன். காரணம் கேட்டார்கள். பெயர்கள் மாறிவிடும் என்றேன், நம்பவில்லை. புரோகிராமுக்கு நேரம் சரியில்லை என்றேன். உடனே ஒப்புக்கொண்டார்கள்.