வேருக்கு எட்டாத சாரல்

மொட்டைமாடியே கதி என்று கிடந்த என் அத்தானுக்கு,

போன இடத்திலும் ஏதாவது குழாயைத் துளைத்துக்கொண்டுதான் இருப்பீங்க. இங்கே தென்காசியில் சீசன் ஆரம்பித்துவிட்டது. சாரல் அடிக்குது, அருவியில் கூட்டம் நெரியுது. உங்க அண்ணனும் வந்தார். நீங்க துபாயிலிருந்து வாங்கிவந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார்.

காரியம் முடிந்த அன்றைக்கே உங்க பெட்டியைத் திறந்தவர் அவர்தான். செத்தவர் துணியை வீட்டில் வைக்கக்கூடாது, ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்று பெரிய சாஸ்திரம் பேசினார். நல்ல சட்டையெல்லாம் எந்த ஆற்றுக்குப் போனது என்று இப்போது தெரிந்துவிட்டது. தோளில் ஓட்டை விழுந்த உங்க பனியனை மட்டும் அவர் தொடவில்லை. அவருடைய ஆறு அதையெல்லாம் ஏற்றுக்கொள்ளாது போல.

வந்தவர் நேரே மாடிக்கு ஏறினார். உங்க வெள்ளைக் குழாய்களைக் காலால் தட்டிப் பார்த்தார். "மண்ணில்லாம, வெறுந் தண்ணியில செடி வளத்தானாம். எனக்கு அப்பவே தெரியும்" என்றார். என்ன தெரியும் என்று சொல்லவில்லை. வீட்டில் அவருக்கும் பங்கு உண்டாம். மாடியில் தகர ஷெட் போட்டு, அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடப்போகிறாராம். "செடி உசுரோட இருந்தா இருந்துட்டுப் போட்டும். பட்டுப்போச்சுன்னா கழட்டிருவோம்" என்று எனக்குத் தயவு பண்ணினார்.

நீங்களாவது ஒழுங்கா? பாலக்கீரை விதையை ஸ்பாஞ்சில் வைத்த கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தானே. துக்க வீட்டில் அழுதுகொண்டே நான்தான் தட்டில் தண்ணீர் தெளித்தேன். இரண்டிலை விட்டதும், நீங்க செய்வீங்களே அதே மாதிரி, நாற்றை அடியில் ஓட்டையுள்ள கிண்ணத்தில் வைத்துக் குழாயில் சொருகினேன்.

ஆனால் தண்ணீர் குழாயின் அடியில் ஓடுது, பிஞ்சு வேர் கிண்ணத்துக்குள்ளேயே நிக்குது. நீங்க காலையும் மாலையும் ஊசியில்லாத சிரிஞ்சை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் சொட்டுவிட்டுக்கொண்டு அலைவீங்க. "பச்சப்புள்ளைக்கு மருந்து ஊட்டுதீங்களாக்கும்" என்று நான் பழிப்பேன். அந்த வேலையை இப்போது யார் தலையில் கட்டிவிட்டுப் போனீங்க?

பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், என் தையல் கடை முழுக்க யூனிபார்ம் குவிந்து கிடக்குது. நான் கடைக்குப் போன சமயம் பார்த்து உங்க அண்ணன் குழாயில் தண்ணீரை ஓட்டுகிற மோட்டாரை நிறுத்தி, குழாய் மூடிகளையெல்லாம் திறந்து போட்டிருந்தார். கேட்டால், "சாரல் அடிக்கையில செடிக்கு மோட்டார் எதுக்கும்மா? குத்தாலச் சாரலுக்குக் கருங்கல்லே துளிர்த்துரும்லா" என்கிறார். இந்த ஊர்க்காரர்களே இப்படித்தான். சாரலைத் தாங்களே தயார்பண்ணி அனுப்புகிற மாதிரி பேசுவார்கள்.

சாரல் இலையைத்தான் நனைத்தது. கூடவே அடித்த காற்று ஸ்பாஞ்சை உலர்த்திவிட்டது. இலை மேலே தண்ணீர் முத்து முத்தாக நிற்க, நாற்று கழுத்துத் தொங்கிக் கிடந்தது. நீங்க போன அன்றைக்கு உங்க அண்ணன் வாசலில் நின்று அழுத அழுகையும் இந்த வகைதான், மேலே மட்டும் ஈரம். "வாடிருச்சு பாத்தியா? ஆலங்குளத்துலேருந்து ஷெட்டுக்காரனை வரச்சொல்லுதேன்" என்றார். முகத்தில் அவ்வளவு திருப்தி.

மோட்டாரைத் திரும்பப் போட்டேன், சிரிஞ்சால் ஒரு சுற்று ஊட்டிவிட்டு ஓடினேன். கடையில் மிஷினுக்கு எண்ணெய் விடும்போது கொஞ்சம் சிந்தியது. பக்கத்தில் கிடந்த பனியன் துணித் துண்டின் நுனி அதில் பட்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் முழுத் துண்டும் எண்ணெயைக் குடித்திருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்து உங்க பனியனை எடுத்தேன். அதில் இன்னும் உங்க வேர்வை வாசம் இருந்தது. மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். பிறகு கத்தரியை எடுத்து நாடா நாடாக நறுக்கினேன். ஒரு நுனியை ஸ்பாஞ்சில் சொருகி, மறு நுனியைக் கிண்ணத்து ஓட்டை வழியாக ஓடுகிற தண்ணீரில் தொங்கவிட்டேன். விளக்குத் திரி எண்ணெய் குடிக்கிற மாதிரி அது தண்ணீரை மேலே இழுத்தது. சிரிஞ்சோடு அலைந்தீங்களே, இந்தப் புத்தி உயிரோடு இருந்தபோது உங்களுக்கு ஏன் வரவில்லை? பெரிய இன்ஜினியர் என்று நினைப்பு வேற.

சிலது போய்விட்டது. மிச்சமெல்லாம் நிமிர்ந்துகொண்டது.

சில நாள் கழித்து ஷெட்டுக்காரரோடு உங்க அண்ணன் வந்தார், அதே நீலச் சட்டையில். ஒரு கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்தார். வெள்ளை வேர் துணியைப் பற்றிக்கொண்டே இறங்கித் தண்ணீரைத் தொட்டிருந்தது.

"இது என்ன துணி?" என்றார்.

"நீங்க ஆத்துல விடாம விட்டுட்டுப் போன துணி, பெரியத்தான். செடி உசுரோட இருக்கு. உசுரோட இருந்தா இருக்கட்டும்னு நீங்கதானே சொன்னீங்க."

சட்டைக் காலரை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனார். ஷெட்டுக்காரருக்கு மட்டும் காபி கொடுத்து அனுப்பினேன்.

வேர் உங்க பனியனுக்குள் புகுந்து பின்னிக்கொண்டது அத்தான். இனிப் பிரித்தால் இரண்டும் அறுந்துவிடும். நான் இருக்கிற வரை அந்தக் குழாயில் தண்ணீர் நிற்காது. கீரையைக் கிள்ளிக் கடைந்து சாப்பிடுவேன், வேரைத் தொடமாட்டேன்.

உங்களைப் பழித்துக்கொண்டே உங்க செடிக்கு ஊட்டுகிற,
உங்க மாமன் மகள் இசக்கி