ஒரு நிமிட ஆட்டம்

ஆகுர்டி, புனே
9 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணா,

இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதப் போகிறேன். போனில் முடியாது. நீ கூப்பிட்டதுமே அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிடுகிறார்.

உன் கல்லூரியின் முதல் கூடைப்பந்து மேட்சை போனில் பார்த்தோம். நீ ஆடமாட்டாய் என்று தெரிந்தும் அப்பா விடியற்காலையிலேயே எழுந்து உட்கார்ந்துவிட்டார். உன் பழைய டீமில் ஆடிய தேஜஸும் வந்திருந்தான். "பெஞ்ச்ல உட்காரவா அங்கிள் அமெரிக்கா போனான்? ஆகுர்டி ஸ்டேஷன் பெஞ்சே காலியாத்தானே இருக்கு?" என்றான். "போடா, அதுக்குப் பேரு ரெட்ஷர்ட். இந்த வருஷம் பயிற்சி மட்டும்தான். ஆடாத வருஷம் கணக்குல வராது. அப்புறம் முழுசா நாலு வருஷம் ஆடலாம்" என்று, விதியைத் தானே எழுதியவர் போல அப்பா விளக்கினார்.

இனி உண்மை. சர்க்கரையால் அப்பாவின் இடது கண் போய்விட்டது. வலது கண்ணும் அடுத்த மழைக்காலத்தைத் தாண்டுவது கஷ்டம் என்கிறார் டாக்டர். சாகண் கம்பெனியில் அவரை மெஷினிலிருந்து எடுத்து ஸ்டோரில் போட்டுவிட்டார்கள். உனக்கு எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். சத்தியம் செய்யும்போதே எழுதிவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

அண்ணா, இந்த சீசனிலேயே ஒரே ஒரு நிமிடம் ஆடு. அவர் பார்த்துவிடட்டும்.

உன் தங்கை,
வைஷு

இண்டியானா
23 நவம்பர் 2025

செல்ல வைஷு,

தமிழில் எழுதி ரொம்ப நாளாகிவிட்டது, தப்பிருந்தால் சிரிக்காதே. உன் கடிதத்தைப் படித்த அன்று பயிற்சிக்குப் போகவில்லை.

ஆனால் களத்தில் ஒரு நிமிடம் கால் வைத்தாலும் வருடம் முழுக்க ஆடியதாகத்தான் கணக்கு. இப்போது நான் ஒல்லி. கடைசி வருடத்தில்தான் பெரிய கிளப்காரர்கள் என்னைப் பார்ப்பார்கள். ஒரு நிமிடத்துக்காக அந்த வருடத்தையே கொடுக்கச் சொல்கிறாய். டாக்டர்கள் பயமுறுத்தத்தான் செய்வார்கள். ஊசியை விடாமல் போடுங்கள். அடுத்த நவம்பரில் அப்பா என்னைப் பார்ப்பார்.

உன்,
அச்சுதன்

ஆகுர்டி
22 பிப்ரவரி 2026

அன்புள்ள அண்ணா,

இன்று காலை உங்கள் அணி வெகு தூரம் முன்னால் இருந்தது. கடைசியில் பெஞ்சில் இருந்தவர்களை எல்லாம் இறக்கினார்கள். அப்பா போனை மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டு, "எந்திரிக்கிறானா? நல்லாப் பாரு கண்ணு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

கோச் உன் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். நீ வேண்டாமென்று தலையாட்டினாய். நான் பார்த்தேன்.

அதை அப்பாவிடமும் சொன்னேன். "வெவரமான பையன்" என்றார். பிறகு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

வைஷு

இண்டியானா
17 மே 2026

வைஷு,

எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை. விதியை மாற்றுகிறார்களாம். ஐந்து வருடத்தில் ஐந்து சீசனும் ஆடலாமாம், இனி ரெட்ஷர்ட்டே கிடையாதாம். எனக்கும் அதே கணக்குத்தான், உட்கார்ந்திருந்த வருடமும் அந்த ஐந்தில் ஒன்றுதான் என்கிறார் கோச். அதைச் சேர்த்து வைத்திருக்கிறேன் என்று நினைத்தேன். அது சும்மா போயிருக்கிறது. அன்று எழுந்து போயிருந்தால் எனக்கு எதுவுமே குறைந்திருக்காது.

அப்பாவிடம் சொல்லாதே. இப்போது எவ்வளவு தெரிகிறது அவருக்கு? மறைக்காமல் எழுது.

அச்சுதன்

ஆகுர்டி
8 நவம்பர் 2026

அண்ணா,

உன் கேள்விக்கு இத்தனை மாதம் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன். ஆகஸ்டிலிருந்து அப்பாவுக்கு ஒன்றும் தெரிவதில்லை. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்கிறார்.

விதி மாறியதை நான் சொல்லவில்லை. தேஜஸ் பேப்பரில் படித்துக் காட்டிவிட்டான். "அப்ப இருந்த விதிக்கு அவன் செஞ்சது சரிதானேப்பா" என்று அவனிடமே உனக்காக வாதாடினார்.

இன்று உன் முதல் ஆட்டம். சட்டையை அயர்ன் செய்து போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நீ உள்ளே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்படி ஓடறான்? முட்டிய மடக்கி ஓடறானா?"

"ஆமாப்பா."

"பந்து?"

"அண்ணாகிட்டதான். போட்டான். விழலப்பா."

"விடு, மொத மேட்ச்தானே."

அடுத்தது விழுந்தது. சொன்னேன். ஜன்னல் பக்கம் பார்த்துக் கைதட்டினார். போன் இந்தப் பக்கம் இருந்தது. அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

"மூஞ்சி எப்படி இருக்கு?" என்று கேட்டார். நிறையப் புத்தகம் படிக்கிறேன் என்று பெயர், உன் முகத்தைச் சொல்ல எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. "நல்லா இருக்குப்பா" என்றேன்.

உன்மேல் வருத்தமில்லை என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். அது அவருடைய வாக்கியம். அதை என்னுடையதாக எழுத முடியவில்லை. கொஞ்ச காலம் எனக்குக் கடிதம் வேண்டாம் அண்ணா. அப்பாவுக்குத் தினமும் போன் செய்.

ஆட்டம் முடிந்தும் போனை மூட விடவில்லை.

"ஆளுங்க இருக்காங்களா?"

"தரையைத் துடைக்கிறாங்கப்பா."

"அவன்?"

"போயிட்டான்."

அப்படியும் திரைப் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அரங்கத்தின் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

வைஷு