அண்ணனுக்கு இடது பக்க ஜன்னல்

என்னங்க,

நான் கடையிலேர்ந்தே நேரா ஏர்போர்ட் போயிடறேன். மீன் கறி அடுப்பு மேல இருக்கு. சாவிய கீழ்வீட்டு ரோஸ்னா அக்காகிட்ட குடுத்துடுங்க.

போன தடவ கோலாலம்பூர் போறப்ப, மூத்தவராச்சேன்னு என் ஜன்னல் சீட்ட உங்க அண்ணனுக்குக் குடுத்தீங்க. அவரு ஜன்னல மூடிட்டு குறட்டை விட்டாரு. வலது பக்கம்தான் பாலமும் நம்ம தீவும் முழுசா தெரியும் லா. இந்தத் தடவ அது எனக்குத்தான். யார் சொன்னாலும் எழுந்திரிக்க மாட்டேன். அண்ணனுக்கு இடது பக்க ஜன்னல் போட்டுட்டேன். தூங்கறவருக்கு எந்தப் பக்கமா இருந்தா என்ன?

லீலாவதி

டிக்கெட் இருக்கு, உங்களுக்கு மட்டும் எந்த சீட்டுன்னு போடல. எங்க ரெண்டு பேர் பக்கத்துலயும் காலியாத்தான் இருக்கு. கவுண்டர்ல நீங்களே கேட்டு வாங்கிக்குங்க.

நீங்க எங்க உட்கார்றீங்கன்னு பார்த்துட்டுதான் ஜன்னல் பக்கம் திரும்புவேன்.